பொத்தான் இடுக்கில் ஒரு காமிரா

நியூயார்க்கின் டைம்ஸ் ஸ்கொயர் எந்நேரமும் கூட்டம் மொய்க்கும் இடம். உள்ளூர்க்காரர்களும் ஊர் பார்க்க வந்தவர்களும் ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு நடப்பார்கள். 1999-க்கும் 2001-க்கும் இடையில் அங்கே ஒரு நடைபாதைக்கு மேலிருந்த சாரத்தில் ஃப்ளாஷ் விளக்கைக் கட்டி வைத்துவிட்டு, சுமார் இருபதடி தள்ளி காமிராவோடு நின்றார் ஃபிலிப்-லோர்கா டிகோர்சியா. விளக்குக்குக் கீழே யாராவது வந்ததும் ஒரு கிளிக். பட்டப்பகல் வெளிச்சத்தில் ஃப்ளாஷ் அடித்தது நடந்து போகிறவர்களுக்குத் தெரியவில்லை. ஆனால் ஃபிலிமில் விழுந்ததோ வேறு. பின்னாலிருக்கும் கூட்டம், கடை, விளம்பரப் பலகை எல்லாம் இருட்டில் கரைந்துபோய், ஒரே ஒரு முகம் மட்டும் நாடக மேடையில் நிற்பதுபோலப் பளிச்சென்று எழும்பி வந்தது.

இப்படி ஆயிரக்கணக்கான படங்கள். அதிலிருந்து பொறுக்கி எடுத்தது வெறும் 17. அந்த 17-ம் 2001 செப்டம்பரில் மன்ஹாட்டனில் ஒரு கலைக்கூடத்தில் 'ஹெட்ஸ்' என்ற பெயரில் கண்காட்சிக்கு வந்தன. (இரட்டைக் கோபுரங்கள் விழுந்த அதே மாதம்.) ஒவ்வொரு படத்துக்கும் பத்தே பிரதிகள்தான். ஒரு பிரதியின் விலை 20,000 டாலரிலிருந்து 30,000 டாலர் வரை.

அதில் 13-ம் எண் படத்தில் இருப்பவர் ஒரு முதியவர். கறுப்புத் தொப்பி, கறுப்பு அங்கி, வெண்தாடி. ஹசிடிக் யூதர். வைர வியாபாரம் செய்து ஓய்வு பெற்றவர். தன் முகம் சுவரில் தொங்குகிறது, விற்பனையும் ஆகிறது என்ற விஷயமே அவருக்கு 2005-ல்தான் தெரிய வந்தது. உருவங்களைச் செய்யக்கூடாது என்ற கட்டளையைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் சமூகம் அவருடையது. தன்னுடைய அனுமதி இல்லாமல் தன் முகத்தை எடுத்து விற்றது மத நம்பிக்கைக்கு எதிரானது, தனியுரிமைக்கும் எதிரானது என்று சொல்லி நீதிமன்றத்துக்குப் போனார். கேட்ட நஷ்ட ஈடு 5 லட்சம் டாலர், அதற்கு மேல் தண்டனைத் தொகையாக 15 லட்சம் டாலர்.

தெருவில் நடந்து போகிறவனின் முகம் யாருக்குச் சொந்தம்? இந்தக் கேள்விக்கு நியூயார்க்கில் ஒரு சட்டம் தயாராக இருந்தது. அது பிறந்த கதை ஒரு கோதுமை மாவு விளம்பரத்தில் ஆரம்பிக்கிறது.

மாவு மூட்டையும் ஒரு சட்டமும்

1888-ல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் தன் முதல் கோடக் காமிராவை விற்பனைக்குக் கொண்டு வந்தார். விலை 25 டாலர். உள்ளேயே 100 படங்களுக்கான ஃபிலிம் ரோல். எடுத்து முடித்ததும் காமிராவை அப்படியே நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரிலிருந்த கம்பெனிக்கு அனுப்பிவிட வேண்டியது. 10 டாலர் கொடுத்தால் படங்களைக் கழுவி, பிரிண்ட் போட்டு, புது ரோலும் மாட்டி அனுப்புவார்கள். 1900-ல் வந்த பிரௌனி காமிராவின் விலை இன்னும் மோசம், ஒரே ஒரு டாலர்! அதுவரை படம் எடுப்பது என்றால் ஸ்டுடியோவுக்குப் போய், நாற்காலியில் உட்கார்ந்து, அசையாமல் இருப்பது. படம் எடுக்கப்படுகிறவருக்குத் தெரியாமல் படம் என்ற ஒன்றே கிடையாது. இந்தச் சின்னப் பெட்டி வந்த பிறகு கடற்கரையிலும் பூங்காவிலும் யார் யாரை எடுக்கிறார்கள் என்றே தெரியாத நிலை. 1890-ல் வாரன், பிராண்டைஸ் என்ற இரண்டு பாஸ்டன் வக்கீல்கள் 'தனியுரிமை' என்ற ஒன்று சட்டத்தில் வேண்டும் என்று ஹார்வர்டு சட்ட இதழில் எழுதியபோது, அவர்கள் குறிப்பிட்ட தொல்லைகளில் இந்த உடனடிப் புகைப்படமும் ஒன்று.

கோடக்கின் ஊரான அதே ராச்செஸ்டரில் ஓர் இளம்பெண். பதின்வயது. அவளுடைய அழகான படம் ஒன்று எப்படியோ ஒரு மாவு மில் கம்பெனியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அவர்கள் அதை வைத்து சுமார் 25,000 சுவரொட்டிகள் அச்சடித்தார்கள். மாவு, மலர் இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே உச்சரிப்பு என்பதால் அதை வைத்து ஒரு சிலேடை வேறு. கடைகள், கிடங்குகள், மதுக்கடைகள் என்று எங்கு பார்த்தாலும் அவள் முகம். தெரிந்தவர்கள் கேலி செய்ய, அவமானத்தில் படுக்கையில் விழுந்தாள். 15,000 டாலர் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டாள்.

1902-ல் நியூயார்க் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் அவளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. தனியுரிமை என்று சட்டத்தில் எதுவும் இல்லை. படமோ நன்றாகத்தான் இருக்கிறது, சிலர் இதைப் பாராட்டாகக்கூட எடுத்துக்கொள்வார்களே என்கிற ரீதியில் எழுதினார் தலைமை நீதிபதி ஆல்டன் பார்க்கர். ஊர் கொந்தளித்தது. அடுத்த வருஷமே, 1903-ல், மாநில சட்டசபை ஒரு சட்டம் போட்டது. ஒருவரின் பெயரையோ படத்தையோ அவருடைய எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் விளம்பரத்துக்கோ வியாபாரத்துக்கோ பயன்படுத்தினால் குற்றம். நஷ்ட ஈடும் கேட்கலாம்.

இதற்கு ஒரு சுவாரசியமான வால் உண்டு. 1904-ல் அதே பார்க்கர் நீதிபதி பதவியை விட்டுவிட்டு, தியோடர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து ஜனாதிபதி தேர்தலில் நின்றார். பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் வீட்டு வாசலிலேயே குடியிருக்க ஆரம்பித்துவிட்டார்கள். என்னையும் என் குடும்பத்தையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள் என்று எரிச்சலோடு சொன்னார். ராச்செஸ்டர் பெண் விடுவாளா? அப்படி ஓர் உரிமை கிடையாது என்று எனக்குத் தீர்ப்புச் சொன்னதே நீங்கள்தானே என்று ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினாள். நியூயார்க் டைம்ஸ் அதை வெளியிட்டது. தேர்தலில் பார்க்கர் தோற்றார். கடிதத்தால் அல்ல, ரூஸ்வெல்ட் அப்படிப்பட்ட ஆள்!

சட்டத்தின் இரண்டே வார்த்தைகளை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். விளம்பரம், வியாபாரம். செய்தி? குற்றமில்லை. கலை? சட்டத்தில் அதைப்பற்றிப் பேச்சே இல்லை. அந்த இடைவெளியில்தான் நியூயார்க்கின் தெருப் புகைப்படக் கலை முழுவதும் வளர்ந்தது.

பொய் லென்ஸ்

1916-ல் பால் ஸ்ட்ராண்டுக்கு 25 வயது. மன்ஹாட்டனின் ஏழைத் தெருக்களில் மனிதர்களை அவர்கள் அறியாமல் எடுக்கவேண்டும் என்று ஆசை. அவரிடம் இருந்ததோ பெரிய பெட்டிக் காமிரா. கோட்டுக்குள் ஒளிக்க முடியாது. அதனால் ஒரு தந்திரம் செய்தார். காமிராவின் பக்கவாட்டில் பளபளக்கும் பொய் லென்ஸ் ஒன்றைப் பொருத்தினார். காமிரா வேறு பக்கம் பார்ப்பதுபோல் இருக்கும். உண்மையான லென்ஸ் எடுக்கவேண்டிய ஆளைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்த வருஷம் அவர் எடுத்த படங்களில் மிகப் பிரபலமானது கண் தெரியாத ஒரு பெண்மணியின் படம். கழுத்தில் 'குருடி' என்று எழுதிய அட்டை. அதற்கு மேலே நகராட்சி கொடுத்த வியாபார உரிமத்தின் வில்லை. அவ்வளவுதான் படம். யோசித்தால் விசித்திரமாக இருக்கிறது. பார்வை இல்லாதவரிடம் பொய் லென்ஸ் எதற்கு? அது அவரை ஏமாற்ற அல்ல, பக்கத்தில் நிற்பவர்களை ஏமாற்றத்தான் உதவியிருக்கும். பார்க்கவே முடியாத ஒருவரைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்ற அந்தச் சௌகரியம் பார்க்கிறவரைக் கொஞ்சம் நெளிய வைக்கிறது. ஆனாலும் அந்தப் படத்தில் கேலி இல்லை, போலி இரக்கமும் இல்லை. அந்த முகத்தின் கௌரவம் அட்டையையும் மீறி நிற்கிறது.

1917-ல் 'காமிரா ஒர்க்' பத்திரிகையின் கடைசி இதழில் அந்தப் படம் வெளியானது. சில வருஷங்கள் கழித்து நியூயார்க் பொது நூலகத்தில் பழைய இதழ்களைப் புரட்டிக்கொண்டிருந்த ஓர் இளைஞர் அந்தப் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டார். அவர் பெயர் வாக்கர் எவன்ஸ்.

ஐந்து சென்ட் டிக்கெட்டில்

எவன்ஸ் 1938-ல் பெரிய மனிதர் ஆகிவிட்டார். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் (மோமா என்று சுருக்கமாகச் சொல்வார்கள்) அவருடைய படங்களுக்குத் தனிக் கண்காட்சியே வைத்தது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பஞ்சத்தில் அடிபட்ட விவசாயக் குடும்பங்களை எடுத்த படங்கள் உலகம் அறிந்தவை. ஆனால் அந்த விவசாயிகள் காமிராவைப் பார்த்து நின்றவர்கள். தங்களைப் படம் எடுக்கிறார்கள் என்று தெரிந்து நின்றவர்கள். அது இல்லாத முகம் எப்படி இருக்கும்? பார்க்க ஆளில்லை என்று நினைக்கும்போது மனிதன் தன் முகத்தை எங்கே வைத்துக்கொள்கிறான்?

இதைத் தேடி அவர் போன இடம் நியூயார்க்கின் சுரங்க ரயில். அப்போது டிக்கெட் 5 சென்ட். 1904-ல் ரயில் ஆரம்பித்த நாளிலிருந்து 1948 வரை அதே 5 சென்ட்தான்! குமாஸ்தா, கன்னியாஸ்திரி, மாலுமி, கைக்குழந்தையோடு தாய், ரோமத்தொப்பி போட்ட சீமாட்டி எல்லோரும் எதிரெதிர் பெஞ்சுகளில் வந்து உட்காரும் இடம் அந்த நகரத்தில் அது ஒன்றுதான்.

முறை இதுதான். 35 மி.மீ. காண்டாக்ஸ் காமிரா. அதன் பளபளப்பான பாகங்கள் தெரியாமலிருக்கக் கறுப்புப் பூசியாயிற்று. மேல்கோட்டுக்குள் மார்போடு காமிரா. இரண்டு பொத்தான்களுக்கு நடுவில் லென்ஸ் மட்டும் எட்டிப் பார்க்கும். ஷட்டரோடு இணைத்த கேபிள் சட்டைக் கைக்குள்ளாக இறங்கி உள்ளங்கைக்கு வரும். குளிர்காலத்தில் மட்டும்தான் வேலை. கோடையில் மேல்கோட்டு போட்டுக்கொண்டு போனால் சந்தேகம் வருமே. ஃப்ளாஷ் கிடையாது. வியூஃபைண்டரில் கண்ணை வைக்கவும் வழியில்லை. ரயில் ஆடும், வெளிச்சம் மங்கல். எதிரில் இருப்பவர் முகத்தில் ஏதோ ஒன்று தோன்றும் நேரத்தில் உள்ளங்கையை அழுத்த வேண்டியதுதான், என்ன விழுந்தது என்பது கழுவிப் பார்க்கும்போது தெரியும். தனியாக ஓர் ஆள் இப்படி வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் விகாரமாக இருக்கும் என்பதால் பல நாட்கள் துணைக்கு ஒரு பெண்ணும் உடன் போனார். அவர் பெயர் ஹெலன் லெவிட். பிறகு வருவார்.

1938-லிருந்து 1941 வரை 600-க்கும் மேற்பட்ட படங்கள். பார்த்தால் முதலில் ஏமாற்றமாகக்கூட இருக்கும். ஒன்றுமே நடக்காத படங்கள். ஒருவர் பத்திரிகை படிக்கிறார். ஒருத்தி சூனியத்தை வெறிக்கிறாள். ஒருவர் உதட்டை இறுக்கிக்கொண்டு எதையோ கணக்குப் போடுகிறார். தொடர்ந்து இருபது முப்பது படங்கள் பார்த்த பிறகு என்னவோ ஆகிறது. பொருளாதார மந்தம் இன்னும் முழுசாக விடவில்லை, உலகப் போர் ஐரோப்பாவில் ஆரம்பித்துவிட்டது, அமெரிக்கா எந்நேரமும் உள்ளே போகலாம். இந்தச் செய்திகள் எல்லாம் மடியிலிருக்கும் பத்திரிகைத் தலைப்புகளில் இருப்பதைவிட அந்த முகங்களில்தான் அதிகம். அந்த வரிசையில் ஒரு படத்தில், பெட்டியின் நடுவே அக்கார்டியன் வாசித்துக்கொண்டு வருகிறார் கண் தெரியாத ஒருவர். இரண்டு பக்கமும் இருப்பவர்கள் அவரைப் பார்க்காமல் தங்கள் காரியத்தைப் பார்க்கிறார்கள். நூலகத்தில் பார்த்த ஸ்ட்ராண்டின் பெண்மணி எவன்ஸின் மனதைவிட்டுப் போகவில்லை என்றே தோன்றுகிறது.

பிறகு எவன்ஸ் ஒரு காரியம் செய்தார். படங்களைப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். எழுத்தாளர் நண்பர் ஜேம்ஸ் ஏஜீ 1940-லேயே முன்னுரை எழுதிக் கொடுத்துவிட்டார். புத்தகம் வரவில்லை. ஏஜீ 1955-ல் இறந்தே போனார். அப்போதும் வரவில்லை. ஓரிரு பத்திரிகைகளில் கொஞ்சம் படங்கள் தலைகாட்டின, அவ்வளவுதான். 'மெனி ஆர் கால்ட்' என்ற பெயரில் 89 படங்களோடு புத்தகம் வெளிவந்தது 1966-ல். கடைசிப் படம் எடுத்து 25 வருஷம் கழித்து! இந்தத் தாமதத்துக்குப் பல காரணங்கள் உண்டு. திருட்டுத்தனமாக எடுத்த முகங்களை அவர்கள் கண்முன்னாலேயே வெளியிடுவதில் எவன்ஸுக்கு இருந்த கூச்சம் அதில் முக்கியமானது. தன்னை ஓர் ஒற்றன் என்று அவரே சொல்லிக்கொண்டார், வருந்துகிற ஒற்றன். 25 வருஷத்தில் அந்த முகங்கள் மாறியிருக்கும். ரயிலில் வந்த ஆள் கடையில் அந்தப் புத்தகத்தைப் பார்த்தாலும் தன்னைத்தானே அடையாளம் தெரியாமல் போகலாம். அந்த அளவுக்குக் காலத்தைத் திரையாகப் போட்டுவிட்டுத்தான் வெளியிட்டார்.

சாக்பீஸ் கோடுகள்

ஹெலன் லெவிட் புரூக்ளினில் 1913-ல் பிறந்தவர். 1930-களின் கடைசியில் பள்ளிக் குழந்தைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கப் போனபோது, தெருவிலும் சுவரிலும் பிள்ளைகள் சாக்பீஸால் கிறுக்கி வைத்திருந்த படங்கள் கண்ணில் பட்டன. லைக்கா காமிராவை எடுத்துக்கொண்டு கிழக்கு ஹார்லெம் பக்கம் சுற்ற ஆரம்பித்தார். அவரிடமும் ஒரு தந்திரம் இருந்தது. காமிராவின் மேல் செங்கோணத்தில் பார்க்கும் வியூஃபைண்டர். அவர் தெருக்கோடியைப் பார்ப்பதுபோல் இருக்கும், படம் விழுவது பக்கத்து வாசற்படியில்.

ஆக, ஏமாற்று என்ற வகையில் ஸ்ட்ராண்ட், எவன்ஸ், லெவிட் மூவரும் ஒன்றுதான். ஆனால் லெவிட்டின் படங்களைப் பார்க்கும்போது அந்தக் குறுகுறுப்பு வருவதில்லை. முகமூடி மாட்டிக்கொண்டு வாசற்படியில் நிற்கும் பிள்ளைகள், உடைந்த கண்ணாடிச் சட்டத்தைச் சுற்றி நிற்கும் பொடியன்கள், படிக்கட்டில் வம்பளக்கும் பெண்கள்.. அந்த மக்களுக்குத் தெருதான் முன்னறை. வீட்டுக்குள் இடமும் கிடையாது, காற்றும் கிடையாது. எவன்ஸின் பயணிகள் முகத்தை மூடி வைத்துக்கொண்டிருப்பவர்கள்; லெவிட்டின் பிள்ளைகள் ஏற்கெனவே நாடகம் போட்டுக்கொண்டிருப்பவர்கள். 1943-ல் மோமா இந்தக் குழந்தைப் படங்களைக் கண்காட்சியாக வைத்தது.

லெவிட்டுக்கு ஒரு பெரிய இழப்பும் நேர்ந்தது. 1959-60-ல் அவர் நிதியுதவி பெற்று எடுத்த வண்ணப் படங்களில் பெரும்பகுதி 1970-ல் வீட்டில் புகுந்த திருடனோடு போய்விட்டது. என்ன செய்தார் தெரியுமா? மறுபடி தெருவுக்கே போய் மறுபடி எடுத்தார். ஆனால் தெரு மாறியிருந்தது. பிள்ளைகள் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2009-ல் 95 வயதில் இறக்கும்வரை பேட்டி கொடுப்பதென்றால் அவருக்கு வேப்பங்காய்.

1960-களில் இந்த மென்மை எல்லாம் போயிற்று. கேரி வினோகிராண்ட் எதையும் ஒளிக்கவில்லை. அகன்ற லென்ஸோடு கூட்டத்துக்குள் நேராக நுழைந்து, எதிரில் வருகிறவரின் முகத்துக்கு நேரே காமிராவைத் தூக்கி, எடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். 1984-ல் அவர் இறந்தபோது கழுவாத ஃபிலிம் ரோல்கள் மட்டுமே சுமார் 2,500 இருந்தன. எடுப்பதுதான் போதை, பார்ப்பது அல்ல! 1975-ல் தெருவில் போகும் பெண்களின் படங்களாகவே அவர் ஒரு புத்தகம் போட்டார். அன்றைக்கே கண்டனம் எழுந்தது, அதில் நியாயமும் இருந்தது. கேட்காமல் எடுப்பது எல்லோருக்கும் ஒரே மாதிரி விழுவதில்லை. எவன்ஸின் கோட்டு எல்லோரையும் சமமாகத் திருடியது. வினோகிராண்டின் இந்தப் புத்தகம் அப்படி இல்லை. ஆனால் 1967-ல் மோமா அவரையும் டயான் ஆர்பஸையும் லீ ஃப்ரீட்லாண்டரையும் சேர்த்து வைத்த கண்காட்சியோடு ஒரு விஷயம் முடிவாகிவிட்டது. கேட்காமல் எடுத்த தெருப்படம் இனி அருங்காட்சியகச் சுவருக்குரிய கலை. கலை என்றால் விலை. விலை என்றால்..?

மறுபடி 13-ம் எண்

விலை என்றால் வியாபாரம் ஆயிற்றே என்பதுதான் அந்த முதியவரின் வக்கீல் வாதம். கணக்கும் எளிது. பத்துப் பிரதி, குறைந்தபட்சம் இருபதாயிரம் என்றாலும் 2 லட்சம் டாலர். 1903 சட்டம் சொல்லும் வியாபாரம் இது இல்லையென்றால் எது?

2006 பிப்ரவரியில் நீதிபதி ஜூடித் கிஷே வழக்கைத் தள்ளுபடி செய்தார். இது கலை. கலை பேச்சுரிமையின் பாதுகாப்புக்குள் வருகிறது. காசுக்கு விற்பதாலேயே கலை வியாபாரம் ஆகிவிடாது. முதியவரின் மதவுணர்வு புண்பட்டது உண்மை என்றாலும், பொது இடத்தில் நடமாடுகிறவர் இதைச் சகித்துக்கொள்ள வேண்டியதுதான் என்பது தீர்ப்பின் சாரம். சட்டப்படி சரியாக இருக்கலாம். ஒரு மாவு மூட்டைக்கு 25,000 சுவரொட்டி என்றால் குற்றம், கலைக்கூடத்துக்கு இருபதாயிரம் டாலர் பிரதி என்றால் குற்றமில்லை என்பது அந்தப் பெரியவருக்கு எப்படிப் புரிந்திருக்கும்? எதிர்ப்பக்கத்துக்கும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு முகத்திடமும் கையெழுத்து வாங்கவேண்டும் என்று சட்டம் இருந்திருந்தால் சுரங்க ரயில் படங்களில் ஒன்றுகூட இருந்திருக்காது. கேட்டவுடன் எல்லோரும் தலையை வாரிக்கொண்டு சிரித்திருப்பார்கள்.

டிகோர்சியாவைப் பற்றி இன்னொன்று சொல்லாமல் விடக்கூடாது. 1990-களின் தொடக்கத்தில் ஹாலிவுட்டில் வாடிக்கையாளருக்காகத் தெருவில் நிற்கும் ஆண்களை அவர் படம் எடுத்தார். அவர்கள் தங்கள் நேரத்துக்கு வழக்கமாக வாங்கும் தொகையை அவரே கொடுத்தார், பெரும்பாலும் 20-லிருந்து 50 டாலருக்குள். படத்தின் தலைப்பிலேயே அந்த ஆளின் பெயர், வயது, ஊர், கொடுத்த பணம் எல்லாம் அச்சாகியிருக்கும். அதாவது முகத்துக்குக் கூலி உண்டு என்று அவருக்குத் தெரியும். டைம்ஸ் ஸ்கொயரில் மட்டும் ஒருவருக்கும் கூலி இல்லை, பெயரும் இல்லை. வெறும் எண்கள்.

இதற்கு நடுவில் 2004-ல் நியூயார்க் நகரப் போக்குவரத்து நிர்வாகம் பயங்கரவாத பயத்தில் சுரங்க ரயிலில் படம் எடுப்பதையே தடை செய்யலாம் என்று யோசித்தது. எதிர்ப்பு கிளம்பவே 2005-ல் கைவிட்டது. பிறகு ஆர்னி ஸ்வென்சன் என்பவர் எதிர்க் கட்டடத்தின் கண்ணாடிச் சுவர் வழியாக அக்கம்பக்கத்தவர்களை டெலிஃபோட்டோ லென்ஸில் எடுத்து 2013-ல் கண்காட்சி வைத்தார். வழக்கு வந்தது. 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இது அத்துமீறல் போலத்தான் இருக்கிறது என்று சங்கடப்பட்டுக்கொண்டே, ஆனால் கலை என்பதால் சட்டம் தடுக்கவில்லை, மாற்ற வேண்டியது சட்டசபைதான் என்று கைவிரித்தது.

முதியவரின் வழக்கு மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை, ராச்செஸ்டர் பெண் தோற்ற அதே நீதிமன்றம் வரை, போனது. 2007-ல் அங்கும் தோல்வி. இந்த முறை காரணம் கலை அல்ல, காலக்கெடு. படம் முதன்முதலில் வெளியான நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் வழக்குப் போட்டிருக்க வேண்டுமாம். வெளியானதே அவருக்குத் தெரியாதே என்றால், தெரிந்த நாள் கணக்கில்லை, வெளியான நாள்தான் கணக்கு. எவன்ஸ் தானாக வைத்துக்கொண்ட கெடு 25 வருஷம். சட்டம் அந்த முதியவருக்குக் கொடுத்தது ஒன்று.

முகம் வெளியே தெரியக்கூடாது என்று நீதிமன்றத்துக்குப் போன அவருடைய பெயர் வழக்கின் தலைப்பாகி, அமெரிக்கச் சட்டப் புத்தகங்களில் இடம்பிடித்துவிட்டது. டிகோர்சியாவின் படத்தில் அந்தப் பெயர் கிடையாது. அங்கே அவர் இன்னமும் 13-ம் எண்தான்.